ஒழுங்கை முழுக்கச் சேர்ந்து அடுக்கிய கட்டு

1

நேற்று அண்ணையின் ஆட்டைத் திவசம். அவர் போய் ஒரு வருடம். திதி பார்த்து ஊரிலிருந்து நாளைச் சொல்லியிருந்தார்கள். இங்கே நோர்வேயில் அது ஒரு வேலை நாள். நான் வேலை செய்வது முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். அன்றைக்கு மீன் சமைக்கிற நாள் வேறு, ஆள் குறைந்தால் முறைப்பார்கள். லீவு கேட்கலாம் என்று கணினியைத் திறந்தால் காரணங்களை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நாங்கள் ஒன்றைத் தொட்டால் போதும். சொந்தச் சுகவீனம், பிள்ளையின் சுகவீனம், வீடு மாறுதல், நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்கு. இறுதிச் சடங்குதான் போன வருடமே முடிந்துவிட்டதே. செத்துப்போனவருக்கு வருடா வருடம் சோறு படைக்கிற சனத்துக்கு என்று அதில் ஒரு பெட்டி கிடையாது.

சரி, நேரே போய்ச் சொல்லிவிடுவோம் என்று மேற்பார்வை செய்கிற பெண்ணிடம் போனேன். திவசத்துக்கு அவர்கள் மொழியில் என்ன சொல்? "என் அண்ணனுடைய ஆண்டு நாள்" என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாழ்த்துகள்! எத்தனை வயது?" என்றாள். ஐம்பத்தெட்டு என்றேன். பொய் இல்லையே, போகும்போது அவருக்கு ஐம்பத்தெட்டுத்தான். நன்றாகக் கொண்டாடுங்கள் என்று லீவைத் தந்துவிட்டாள். இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இதுதான் என் மொழிப்புலமை. என் மகள் பக்கத்தில் நின்றிருந்தால் வெட்கத்தில் அந்தக் கட்டிடத்தை விட்டே ஓடியிருப்பாள்.

வீட்டில் சோறு கறி சமைத்துப் படைத்து, பல்கனியில் ஒரு பிடி வைத்தேன். இங்கேயும் காகம் உண்டு, சாம்பல் நிறத்தில் சட்டை போட்ட காகம். அதற்குச் சோறு பழக்கமில்லை. கடற்பறவை ஒன்று வந்து கத்தரிக்காயை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. அண்ணை கத்தரிக்காய் தொடமாட்டார். நான் சிரித்தேன். பிறகு கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணையை நினைத்து அழுதேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மிச்சப் பாதி அண்ணையின் மகள் சங்கவியைப் பற்றியது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அண்ணை மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தவர். வீடு அங்கிருந்து வட்டுக்கோட்டைப் பக்கமாகச் சைக்கிளில் போகிற தூரம். போன வருடம் ஒரு மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்திருக்கிறார். ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் வரும்வரை வைத்திருந்தார்கள். என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளி விடுமுறையில் இருந்த மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது பதினாறு.

சங்கவிக்குப் பத்தொன்பது. அண்ணைக்கு ஒரே பிள்ளை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். தகப்பன் போன பிறகு அவள் ஒன்றும் கதைக்கவில்லை. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பாள், கோப்பை கழுவுவாள், மறுபடி கொடுப்பாள்.

எரித்த சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்த அன்று சொந்தக்காரர் எல்லாரும் விறாந்தையில் கூடியிருந்தோம். மாமி ஒருவர் தொடங்கினார், "இனி உந்தப் பிள்ளையின்ரை பாடு என்ன?" என்று. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சு விட்டுவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவனை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அவள் என்னோடை வரட்டும்" என்றேன். "நான் கூப்பிடுறன். அங்கை படிக்கட்டும்."

சொன்ன உடனே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். "அண்ணன் போனாலும் தம்பி இருக்கிறான் பாருங்கோ" என்றார் மாமி. ஆளுக்கொரு பக்கமாக என்னைப் புகழ்ந்தார்கள். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"உங்கடை விருப்பம் தம்பி. நீங்கள் சொன்னாச் சரி" என்றார்.

சங்கவி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பேசாமல் நின்றால் சம்மதம் என்று கணக்கு. மூன்று வயதுப் பிள்ளையிடம்கூடப் பாணுக்கு வெண்ணெயா ஜாமா பூச என்று கேட்கிற நாட்டில் இருந்து வந்த நானும் அந்தக் கணக்கைத்தான் எடுத்தேன்.

3

செத்த வீட்டில் சீட்டாடுவது எங்கள் வழக்கம் என்று இங்கே வேலையிடத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு நான் பட்ட பாடு! நம்பமாட்டேன் என்றார்கள். எப்படி விளக்குவது? மற்ற நாட்களில் பிள்ளைகள் சீட்டுக்கட்டைத் தொட்டால் தோலை உரித்துவிடுவார்கள். ஆனால் ஒரு வீட்டில் சாவு நடந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிகிற வரைக்கும் அயலவர் வந்து விறாந்தையில் பாய் விரித்து முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். துக்க வீட்டைத் தனிய விடக்கூடாது. அதற்காக முகத்தை முகம் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது? கையில் ஏதாவது வேண்டும். அதுதான் சீட்டு.

அண்ணை வீட்டில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் பக்கத்து வளவுப் பொன்னுத்துரை அண்ணை. பஸ் ஓட்டி இளைப்பாறியவர். முந்நூற்று நாலில் ஆளுக்கு முதலில் நாலு தாள்தான் வரும். அந்த நாலை மட்டும் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்டு, கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மிச்சம் வரும். பொன்னுத்துரை அண்ணை நாலு தாளைப் பார்த்த உடனேயே கேட்டுவிடுவார். பிறகு வருகிறதைப் பார்த்துக் கத்துவார். பின்னேரம் முழுக்க அவருடைய சத்தம்தான்.

இதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஆரணி என்னிடம் வந்தாள்.

"அப்பா, இஞ்சை எல்லாரும் காட்ஸ் விளையாடினம் தானே?"

"ஓம்."

"அப்ப நானும் விளையாடலாம் தானே?"

அவள் பெட்டிக்குள் பன்னிரண்டு பக்கற் கொண்டுவந்திருந்தாள். இங்கே பிள்ளைகள் பைத்தியமாகத் திரிகிற தாள் விளையாட்டு அது. படமும் எழுத்துமாக ஆயிரக்கணக்கான தாள்கள் உண்டு. மூடிய பக்கற்றில் பதினைந்து பதினைந்தாக விற்பார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. புதுத் தொகுதி வெளிவருகிற வார இறுதியில் எல்லாரும் கடையில் கூடி, ஆளுக்கு ஆறு பக்கற் பிரித்து, வந்ததை மட்டும் வைத்து நாற்பது தாளில் ஒரு கட்டு அடுக்கி, ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். அவளும் அவளுடைய சிநேகிதியும் அந்த நாளுக்காகக் காத்திருந்தவர்கள். பெரியப்பா செத்ததில் அது தவறிப்போனது. அவள் அதைச் சொல்லி முறைப்படவில்லை. பக்கற்றுகளைப் பேசாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சங்கவியும் அவளும் அதுவரை "சாப்பிட்டியா", "ஓம்" என்பதற்கு மேல் ஒன்றும் கதைத்ததில்லை. ஆரணி போய் அவளுடைய கையில் ஆறு பக்கற்றை வைத்தாள்.

"அக்கா, இது உங்களுக்கு. வேறை வாங்கேலாது. வந்ததை வைச்சுத்தான்."

சங்கவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். செத்த வீட்டில் சீட்டுக்கு யார் தடை சொல்வது?

4

ஆரணி பக்கற்றைப் பல்லால் கிழித்தாள். சங்கவி கத்தரிக்கோல் எடுத்துவந்து ஓரத்தில் நேராக வெட்டி, வெறும் உறையையும் மடித்து வைத்தாள். ஐந்து நிறத்தில் தாள்கள். வாள் வைத்திருக்கிறவன், பறவை, பூதம், மந்திரம். ஒவ்வொன்றிலும் பொடி ஆங்கிலத்தில் அது என்ன செய்யும் என்று எழுதியிருந்தது. சங்கவி ஒவ்வொரு தாளையும் கடைசி வரி வரை வாசித்தாள். சோதனைக்குப் படித்த பழக்கம்.

முந்நூற்று நாலு நின்றுபோனது. கிழவர்கள் எல்லாரும் இந்தப் பாய்க்கு வந்துவிட்டார்கள்.

"பிள்ளை, இதிலை ஜாக் எது?" என்றார் பொன்னுத்துரை அண்ணை. முந்நூற்று நாலில் ஜாக்தான் எல்லாத்துக்கும் மேல்.

"ஜாக் இல்லை அங்கிள்."

"ஜாக் இல்லாமல் என்ன கோதாரி விளையாட்டு?"

ஆரணி விளக்கினாள். கட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிலத் தாள் வைக்க வேண்டும். நிலத் தாள் வேண்டிய அளவு எடுக்கலாம், அது கடையில் சும்மா கிடைக்கும், அவள் ஒரு கற்றை கொண்டுவந்திருந்தாள். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் போடலாம். எந்த நிறத் தாளை இறக்க வேண்டுமோ அந்த நிறத்தில் நிலம் இருக்க வேண்டும். பெரிய தாளுக்கு நிறைய நிலம் வேண்டும்.

"அட, உதிலையும் காணியோ!" என்று பொன்னுத்துரை அண்ணை துள்ளினார். "எல்லை வழக்கும் வருமோ?"

விறாந்தையே சிரித்தது. சமைத்துக்கொண்டிருந்த அண்ணி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததுதான் கூத்து. சங்கவி கட்டை அடுக்கத் தொடங்க, வீட்டு வாசலில் ஓடுகிற அந்தச் சின்னத் தெரு, ஒழுங்கை முழுக்க ஆலோசனை. பொன்னுத்துரை அண்ணை ஒரு வாள்காரனை எடுத்து, "உவன் பாத்தாலே வீரன், உவனைப் போடு" என்றார். மாமி பூப் போட்ட தாள் ஒன்றை எடுத்து, "இது லட்சுமி மாதிரி இருக்கு, இதைக் கழிக்கக் கூடாது" என்றார். தேங்காய் பறிக்க வந்தவர்கூட ஒன்று சொன்னார். சங்கவி ஒருவருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பெரியவர்கள் கையில் எடுத்து நீட்டுகிறதை எப்படி வேண்டாம் என்பது? வாங்கி வாங்கி அடுக்கினாள்.

நானும் விட்டேனா? பொன் ஓரம் வைத்து மினுங்குகிற தாள் ஒன்று அவளுக்கு வந்திருந்தது. கடலுக்குள் இருந்து எழும்புகிற பெரிய பூதம். ஆரணி அதைப் பார்த்த உடனே மூச்சை இழுத்தாள். இது நூறு பக்கற் பிரித்தாலும் கிடைக்காது என்றாள். பிறகென்ன, "உதை விடாதை பிள்ளை, உதுதான் உன்ரை அதிட்டம்" என்று நானே கட்டின் மேல் வைத்தேன்.

எங்கள் ஊரில் கலியாணத்துக்கு ஆட்களுக்குச் சொல்லுகிற மாதிரி ஆகிவிட்டது அந்தக் கட்டு. இந்த வீட்டை விட்டால் கோபம், அந்த வீட்டை விட்டால் கோபம். ஐந்து நிறமும் இருந்தது, நிலத்தை ஐந்தாகப் பங்கிட ஒரு நிறத்துக்கும் போதவில்லை. விளையாடத் தொடங்க சங்கவியின் கையில் எல்லாம் நல்ல தாள், ஒன்றையும் கீழே இறக்க முடியவில்லை. ஆரணி சின்னச் சின்ன எலி, நரி என்று இறக்கி மூன்று ஆட்டமும் வென்றாள். வென்றவளுக்குத்தான் கோபம்.

"அக்கா, ஏன் எல்லாத்தையும் போட்டனீங்கள்?"

"அவை சொல்லிச்சினம்."

"விளையாடுறது நீங்கள் தானே?"

சங்கவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் அவளுடைய சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். எங்கள் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பொன்னுத்துரை அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, தாளைப் போடுங்கோ" என்று தன் பாய்க்குப் போனார்.

5

இங்கே வெள்ளிக்கிழமைகளில் ஆரணியை அந்தத் தாள் விளையாட்டுக் கடைக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. கடை ஒரு கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் இருக்கிறது. நான் காருக்குள் இருந்து ஊர்ச் செய்தி பார்ப்பேன். நாலு வருடத்தில் ஒருநாளும் படி இறங்கி உள்ளே போனதில்லை. காசைக் கரியாக்குகிற கடதாசி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு இருப்பேன். திரும்பி வரும்போது "எப்பிடி?" என்று கேட்பேன், "ஓகே" என்பாள். பிறகு காது இரண்டையும் அடைத்துக்கொள்வாள். அவளுடைய அறைக் கதவில் தட்டினால் "என்ன?" என்று நோர்வே மொழியில் வரும். நான் தமிழில் கேட்பேன், அவள் அந்த மொழியில் சொல்வாள், இடையில் மனைவி நின்று இரண்டு பக்கமும் சமாதானம் செய்வாள். எந்த வீட்டில்தான் இது இல்லை என்று சொல்லிக்கொள்வோம். சொல்லிக்கொண்டாலும் வலிக்காமல் இல்லை.

அதனால் அண்ணை வீட்டு விறாந்தையில் அவள் சப்பாணி கட்டி இருந்து, பிழையும் சரியுமாகத் தமிழ் கதைத்து, பொன்னுத்துரை அண்ணையோடு வாய் காட்டியதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு பேராசை வந்தது. சங்கவி எங்கள் வீட்டுக்கு வந்தால் இது ஒவ்வொரு நாளும் நடக்கும். அவளிடம் இருக்கிற அண்ணையின் நாடியும் அண்ணையின் நடையும் எங்கள் வீட்டுக்குள் இருக்கும். ஒரு பிள்ளைக்குப் பதிலாக எனக்கு இரண்டு பிள்ளை கிடைக்கும். இதையெல்லாம் நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. எல்லாருக்கும் சொன்னது, "பிள்ளையின்ரை எதிர்காலம்" என்று.

6

அடுத்த நாள் பின்னேரம் சங்கவி கட்டை முழுக்கக் கலைத்தாள். பாயில் தாள்களை நிறம் நிறமாகப் பிரித்து வைத்தாள். பிறகு ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் குறைந்த நிலத்தில் இறங்குவதை ஒரு பக்கமும் நிறைய நிலம் கேட்பதை மறுபக்கமும் வைத்தாள். ஆரணி ஏதோ சொல்ல வாயெடுக்க, "கொஞ்சம் பொறு, நான் பாக்கிறன்" என்றாள். நாங்கள் சுற்றி நின்றோம். இந்த முறை ஒருத்தருடைய முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பச்சையும் வெள்ளையும் மட்டும் மிஞ்சின. மாமியின் லட்சுமி போனாள். பொன்னுத்துரை அண்ணையின் வீரன் போனான்.

"ஏன் பிள்ளை, அவன் என்ன செய்தவன்?" என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து.

"அவன் நல்லவன்தான் அங்கிள். மற்றதுகளோடை சேரமாட்டான்."

கடைசியாக என் பூதத்தை எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உதையுமோ? விசரோ உனக்கு? உதுதானே இருக்கிறதுக்குள்ளை பெறுமதி!"

"ஓம் சித்தப்பா. ஆனா உது எழும்ப எட்டு நிலம் வேணும். அதுவரைக்கும் எனக்கு ஆர் காவல் நிக்கிறது?"

அதை ஒரு கடதாசியில் சுற்றி ஆரணியிடம் கொடுத்துவிட்டாள், உன்னிடம் இருந்தால் பிரயோசனம் என்று. பிறகு விளையாடினார்கள். அவளுடைய கட்டில் பார்வைக்கு ஒன்றும் இல்லை. முயல், வேலி, கிராமத்துக் காவல்காரன். ஆனால் எது வந்தாலும் இறக்கக்கூடியதாக இருந்தது. ஒன்று இறங்கினால் அடுத்தது அதற்குத் துணையாக இறங்கியது. முதல் ஆட்டம் ஆரணி. அடுத்த இரண்டும் சங்கவி. ஆரணி எழும்பி அவளைக் கட்டிப்பிடித்தாள். நானும் கை தட்டினேன்.

கை தட்டியதோடு நின்றிருக்கலாம். "பாத்தியா, அங்கை வந்தால் நீ பெரிய போட்டியளிலையே விளையாடலாம்" என்றேன். சங்கவி தாள்களைச் சேர்த்துக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தாள். களைத்துப்போன பார்வை. நான் அதைத் தகப்பன் இல்லாத துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

7

சங்கவியின் பாஸ்போட் அலுவலுக்குப் போக வாடகைக்கு வான் ஒன்று பேசியிருந்தது. அன்று காலை நான் குளித்து உடுத்து விறாந்தைக்கு வர, சங்கவி வீட்டு உடுப்போடு முற்றத்தில் நின்றாள்.

"வெளிக்கிடேல்லையோ பிள்ளை?"

"சித்தப்பா, வானை வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் வரேல்லை."

"ஏன், சுகமில்லையோ? நாளைக்குப் போவம்."

"நாளைக்கும் இல்லை. நான் வெளிநாட்டுக்கு வரேல்லை, சித்தப்பா."

 ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. விவசாய பீடம் கிடைத்தால் படிப்பாள். கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது இங்கேயே படிப்பாள். கடையை வாடகைக்கு விடலாம். அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டாள். இரவு இரவாக யோசித்து வைத்தது என்று தெரிந்தது.

"கொம்மா தானே போகச் சொன்னவா?"

"அம்மா சொன்னவா. மாமி சொன்னவா. எல்லாரும் சொன்னவை. நான் சொல்லேல்லையே."

"உனக்காகத்தானே இவ்வளவும்!" சத்தம் போட்டுவிட்டேன்.

அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே கேட்டாள், கோபத்தில் அல்ல, உண்மையில் தெரியவேண்டும் என்று கேட்டாள்.

"எனக்காகவோ சித்தப்பா, உங்களுக்காகவோ?"

 அந்த நேரம் பளார் என்று அறைந்திருப்பேன், கை எழும்பவில்லை. சத்தம் கேட்டு அண்ணி ஓடிவந்தார். வந்தவர் மகளைப் பிடித்த பிடி! "சித்தப்பாவை எதிர்த்தோ கதைக்கிறாய்? கொப்பர் இருந்தால் இப்பிடிக் கதைப்பியோ? வாற சீதேவியை உதைக்கிறியோடி?" என்று முதுகில் இரண்டு போட்டார். நான் தடுத்தேன். தடுத்துவிட்டு, "விடுங்கோ அண்ணி, இனி நான் இதைப் பற்றிக் கதைக்கேல்லை" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். மாமி மத்தியானம் வரை அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். 

8

ரோசக்காரன் நான். அந்தியேட்டி முடித்து வெளிக்கிடும் வரைக்கும் அவளோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை. விமானத்தில் ஆரணி என் கையைத் தட்டினாள்.

"அப்பா, அக்காவிலை கோவமோ?"

"அவளுக்கு நன்றி இல்லை."

"அக்காக்கு நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லையே அப்பா. கேக்கவும் இல்லை."

சரியான தமிழில் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு வருடம். பீடம் கிடைத்து சங்கவி படிக்கப் போகிறாள், சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடுகிறாள் என்று ஆரணி மூலம் தெரியும். இரண்டு பேரும் போனில் நாள் முழுக்க எழுதிக்கொள்கிறார்கள். என்னைப் பற்றியும் எழுதுவார்களாக்கும். நான் தைப்பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் எடுத்து, சுகம் கேட்டு, வைத்துவிடுவேன். அண்ணியைத் தர்மசங்கடப்படுத்தக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அண்ணி ஆசைப்பட்டார், பிள்ளை கெடுத்துவிட்டாள், அந்த மனிசி பாவம் என்பதுதான் என் எண்ணம். வேலைக்குப் போகிற பஸ்ஸில் சங்கவி கேட்ட கேள்வி வரும். நான் அதற்குப் பதில் தேடுவேன். உனக்காகவும் எனக்காகவும் என்று சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் எனக்குத் துணிவு வந்திருக்காது.

9

நேற்றுப் பின்னேரம் அண்ணிக்கு எடுத்தேன். திவசம் நல்லபடி நடந்ததாம். ஐயர் நேரத்துக்கு வந்தாராம். பொன்னுத்துரை அண்ணைக்குக் கால் வீக்கமாம், ஆனாலும் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு இன்னும் பிள்ளையிலை கோவமோ?"

"இல்லை அண்ணி. நீங்கள் ஆசைப்பட்டனீங்கள், அது நடக்கேல்லை எண்ட கவலைதான்."

"நான் ஆசைப்பட்டனான் எண்டு ஆர் சொன்னது?"

எனக்கு விளங்கவில்லை. அண்ணி மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்கு அவளுக்கு உங்களுக்கு முன்னாலை அடிச்சுப்போட்டுக் குசினிக்கை போனன். முதல் நாளையச் சோறு கிடந்தது. இரண்டு கோப்பை திண்டனான் தம்பி. அவர் போன பிறகு எனக்கு அண்டைக்குத்தான் சோறு இறங்கினது."

"அப்ப ஏன் அண்ணி ஓம் எண்டனீங்கள்? ஏன் அவளைப் பேசினீங்கள்?"

"அத்தினை பேருக்கு முன்னாலை ஆசையாச் சொன்னனீங்கள். நீங்கள் அவருக்குத் தம்பி. உங்கடை முகத்துக்கு நேரை எப்பிடி இல்லை எண்டுறது? அவளுக்குத் துணிவு வந்தது. எனக்கு வரேல்லை."

 அன்றைக்கு விறாந்தையில் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் அழுததை நான் நன்றி என்று எடுத்திருந்தேன். ஒரு வருடமாக அப்படித்தான் எடுத்திருந்தேன். கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அவளும் பேசாமல் வந்திருந்தால், அண்ணி?"



"வந்திருந்தால் வந்திருப்பாள். நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன், தம்பி."